எதிர்க்கடைக் கூட்டம்

சுப்புராயன் ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தைலம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வந்ததிலிருந்து இதே வேலைதான். அவள் வாழைக்காயைச் சீவினாலும் பார்த்தார், முந்தானையால் வேர்வையைத் துடைத்தாலும் பார்த்தார்.

காதல் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை, கலப்படமில்லாத பொறாமை. கல்வராயன் மலையில் அந்த ஊர்ப்புற நூலகத்துக்கு அவர்தான் நூலகர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தைலம்மாளின் பஜ்ஜிக் கடை. அங்கே உட்கார இடமில்லை, இங்கே உட்கார ஆளில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஆள் வரட்டும் என்று போன மாதம் மூலையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கட்டுகளையெல்லாம் ஒழித்து, சுவருக்கு வெள்ளையடித்து, புதிதாக ஒரு பெஞ்சும் போட்டார். அதில் பூனைதான் வந்து படுத்தது.

பஜ்ஜியை முடித்துவிட்டு வீரமுத்து வேகமாக நடந்தான். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்கிறவன்.

"இன்னா வீரமுத்து, உள்ள வந்து ரெண்டு பக்கம் படிச்சிட்டுப் போறது."

"இப்ப நேரமில்லீங்க சார். ஆடு வாங்க மானியம் தராங்களாம். அதுக்கு வேண்டிய சாதிச் சான்றிதழுக்கு எழுதிக் குடுக்கப் போய்க்கினு இருக்கறேன்."

"யாரு சொன்னது?"

"தைலாக்கா கடையிலதான் தெரிஞ்சிது. எங்க மாமியாருக்குப் பென்ஷன் வர்ற வழியும் அங்கதான் தெரிஞ்சிது."

சுப்புராயனுக்கு வயிறு எரிந்தது. இதையெல்லாம் மக்களுக்குச் சொல்லத்தான் அரசாங்கம் நூலகம் வைத்திருக்கிறது. ஆடு மானியம் வந்த விஷயம் அவருக்கே தெரியாது. அவருக்குத் தெரியாதது, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற பஜ்ஜிக்காரிக்கு எப்படித் தெரிகிறது? காட்டில் பலா பழுத்தால் முதல் சுளை அவளுக்குத்தான் போகிறது. இவருக்கு ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

மத்தியானம் கள்ளக்குறிச்சியிலிருந்து மேலதிகாரி போன் செய்தார்.

"சுப்புராயன், இந்த மாசமும் ஆளே வரலன்னா லைப்ரரிய மூடிடுவாங்க. உங்கள எங்க தூக்கிப் போடுவாங்கன்னு எனக்கே தெரியாது."

"வர்ற ஆளையெல்லாம் எதிர்ல ஒருத்தி மடக்கிக்கினு இருக்கறா சார். கவர்மெண்ட் விஷயமெல்லாம் நமக்கு முன்னாடி அவளுக்குப் போயிடுது. நம்ம ஆளு எவனோ உள்ளேருந்து காயிதத்த வெளிய விடறான்."

"அப்படியா? எவன்னு கண்டுபிடிச்சி பேர எழுதிக் குடுங்க. லைப்ரரிய அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல அவன வூட்டுக்கு அனுப்பறேன்."

சுப்புராயனுக்கு உடம்பில் தெம்பு வந்தது. பஸ் கண்டக்டராக இருக்குமோ? தாலுகா ஆபீசில் அவளுக்கு மாமன் மச்சான் எவனாவது இருக்கிறானோ? எவனாக இருந்தாலும் இன்றோடு தொலைந்தான். சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு முதல் முறையாக ரோட்டைக் கடந்தார்.

"வாங்க சார், வாங்க." தைலம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்து, சூடாக நாலு பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்து நீட்டினாள். அந்த மரியாதைகூட அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"உண்மையச் சொல்லும்மா. இந்த மானியம், பென்ஷன் எல்லாம் உனக்கு யாரு வந்து சொல்றது?"

"எனக்கு இன்னா சார் தெரியும், நான் பள்ளிக்கூடமே போவல. பஜ்ஜி வெச்சிக் குடுக்கற பேப்பர்ல போட்டிருக்குதாம். படிச்சவங்க படிக்கறாங்க, மத்தவங்க கேட்டுக்கினு போறாங்க."

சுப்புராயன் பஜ்ஜியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். 'ஆடு வளர்ப்புக்கு மானியம்' என்று எண்ணெய்க்கு அடியில் கொட்டை எழுத்து தெரிந்தது. வழவழப்பான அரசாங்கத் துண்டுப் பிரசுரம். இதுவரை ஒரு கையும் படாதது போல் புத்தம் புதிதாக இருந்தது.

ஆள் மாட்டிக்கொண்டான். சுப்புராயன் பேனா மூடியைக் கழற்றினார்.

"இத வெளிய விட்டவன் பேர மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"பழைய பேப்பர்காரருகிட்டதான் சார் வாங்கினேன். நானே உங்க லைப்ரரிக்கு வந்து கேக்கணும்னு இருந்தேன்." தைலம்மாள் இன்னும் இரண்டு பஜ்ஜியை எடுத்து அவர் காகிதத்தில் வைத்தாள்.

"நீங்க எடைக்குப் போட்ட கட்டு தீந்துபோச்சி, அடுத்த கட்டு எப்ப சார் போடுவீங்க?"