ஆறு மணி வரைக்கும்

பள்ளி முடிந்த பிறகு நடக்கும் மாலை வகுப்புகளுக்கு இந்த வருட பட்ஜெட்டில் நிதி இல்லை என்று கல்வி அதிகாரி கோப்பில் எழுதி முடித்தாள். கையெழுத்துப் போடும் முன் ஒரு பெண்மணி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“மாலை வகுப்பை நிறுத்திடாதீங்க மேடம்! இப்போ வீடு திரும்ப ஆறு மணியாகுது. நாலு மணியிலேர்ந்தே வீட்டுல இருந்தா என்னால சமாளிக்க முடியாது.”

“அவ்வளவு வாலா?”

“போன லீவுல மிக்ஸியைக் கழட்டிப் போட்டாச்சு, இன்னும் மாட்டின பாடில்லை. டப்பாவையெல்லாம் இடம் மாத்தி வச்சதுல உப்பு எங்கேன்னே தெரியலை. அடுப்புப் பக்கம் போனா, பின்னாலயே வந்து ஆயிரம் கேள்வி!”

அதிகாரி சிரித்தாள். “எந்த வகுப்பு?”

“ஆறாம் வகுப்பு.”

“அந்த வயசுப் பிள்ளைங்க அப்படித்தான்மா.”

“பிள்ளையா? ஐயோ, நான் சொல்றது என் வீட்டுக்காரரை! ரிடையர் ஆனதும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் பகல்லயும் மாலை வகுப்புலயும் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தர்றார்.”

அதிகாரியின் சிரிப்பு நின்றது. எழுதியதை அடித்துவிட்டு, ‘நிதியை இரு மடங்காக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அடுத்த மாசம் எங்க வீட்டுக்காரரும் ரிடையர் ஆகிறார். அங்க இன்னொரு வாத்தியாருக்கு இடம் இருக்குமா?”