செவலைப் பூனை

"என்ன கிருத்திகா, ஊடா இது? உள்ளே கால் வைக்க முடியலையே, ஒரே பூனை மூத்திர வாடை!"

பிறந்த வீட்டுக்கு வந்த தனப்பிரியா மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க அண்ணி. இந்தச் செவலைப் பூனை சொன்ன பேச்சே கேக்கறதில்லீங்க," என்றாள் தம்பி மனைவி கிருத்திகா, சாவகாசமாக.

"பூனைதான் சாமி," என்று கட்டிலில் இருந்த அப்பா சின்னுசாமியும் அவசரமாகச் சொன்னார்.

தனப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவள் மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் அப்பாவைப் பார்க்க வருகிறார்கள். சங்ககிரியில் சொந்த லாரி ஓட்டி, கசங்காத வெள்ளை வேட்டியில் நடமாடிய மனுஷர், அவர்களை இந்த நாற்றத்திலா உட்காரவைப்பது?

சேலையைத் தூக்கிச் செருகினாள். நாத்தனார் இறங்கினால் அரைகுறையாகவா இறங்குவாள்? பிளீச்சிங் பவுடர், வினிகர், எலுமிச்சை என்று வீட்டையே கழுவித் தள்ளினாள். கிருத்திகா கடைக்குப் போன நேரம் பார்த்து, பூனையைச் சாக்கில் பிடித்து, பரமத்தி வேலூர் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள்.

திரும்பி வந்த கிருத்திகா பதறிப்போனாள்.

"ஏனுங்க அண்ணி இப்படிப் பண்ணீங்க? அது இந்த ஊட்டுல இருந்தே ஆகோணுங்க!"

"மாமனார் மானத்தைவிட உனக்குப் பூனை பெருசாப் போச்சா?"

கிருத்திகா மாமனாரின் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அதே வாடை. விடுவதாயில்லை தனப்பிரியா. அப்பா குளிக்கப் போனதும் அவர் படுக்கை விரிப்பை உருவினாள். அடியில், மெத்தை அளவுக்கு வெட்டிய லாரித் தார்ப்பாய். நனைந்து கிடந்தது.

பூனைதான் நேற்றே போய்விட்டதே.

"அப்பாவா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

வாளியோடு வந்த கிருத்திகா கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசுங்க அண்ணி. பூனை அசிங்கம் பண்ணுதுன்னு சொல்லித்தான் தார்ப்பாயே விரிச்சேன். நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா, மாமா அப்பறம் தலை நிமிர மாட்டாருங்க."

தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவருக்குப் போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்த சம்பந்தியம்மா லேசாக மூக்கைச் சுளித்தார். அப்பாவின் தலை மெல்லக் கவிழ்ந்தது.

தனப்பிரியா செவலையை வாரி மடியில் போட்டுக்கொண்டு முந்திக்கொண்டாள்:

"இந்தப் பூனை இருக்குதே, சொன்ன பேச்சே கேக்கறதில்லீங்க!"