திமிங்கலம் இழுத்த கயிறு

“உண்மை அனுபவம்னு எழுதி அனுப்பியிருக்கீங்க. நீங்க கடலுக்குப் போனதே இல்லைன்னு தெருமுனையிலேயே சொல்றாங்களே?”

பத்திரிகையிலிருந்து விசாரிக்க வந்திருந்த ஸ்டெஃபான் கேட்டார். பள்ளி ஆசிரியர் மணிபாரதி நெளிந்தான். அவன் கிளிஞ்சல்மேடு என்ற மீனவ ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன்.

“போனேன் சார். மாமனார் படகுல, ஒரே ஒரு தடவை.”

“சொந்த ஊர்?”

“விழிதியூர். விவசாயக் குடும்பம்.”

ஸ்டெஃபானின் புருவம் உயர்ந்தது. கையிலிருந்த தாளைப் புரட்டி வாசித்தார்.

“‘வலையில் சிக்கிய திமிங்கலம் இழுத்த வேகத்தில் கயிறு ஓடி இரண்டு உள்ளங்கையும் கிழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.’ நீங்க எழுதினதுதானே? கையைக் காட்டுங்க.”

மணிபாரதி தயங்கித் தயங்கி விரித்தான். சாக்பீஸ் தூள்தான் இருந்தது.

“கதைன்னு அனுப்பியிருந்தா போட்டிருப்போம். பொய்யை உண்மைன்னு போட முடியாது.” ஸ்டெஃபான் எழுந்துவிட்டார்.

“உட்காருங்க சார், அது பொய் இல்ல.”

டீ கொண்டுவந்த மணிபாரதியின் மனைவி தாமரைச்செல்வி, தம்ளரை வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்தாள். உள்ளங்கைகளின் குறுக்கே தழும்பு தடித்து ஓடியது.

“அன்னிக்குப் படகுக்கு ஆள் வரல. அப்பாகூட நான்தான் போனேன். எழுதிக் கொடுத்தது இவரு.”

“அப்ப உங்க பேர்லயே போடலாமே!”

“வேணாம் சார். பொம்பள ஏறுன படகுன்னு தெரிஞ்சா, அப்பாகூட ஒருத்தரும் தொழிலுக்கு வரமாட்டாங்க.”

“என் பேரே இருக்கட்டும் சார்,” என்றான் மணிபாரதி. “ஊரு என்னைத்தானே புளுகன்னு சொல்லும். சொல்லிட்டுப் போவட்டும்.”