பூட்டுமுன் ஒரு குரல்

வெள்ளைக்காரன் காலத்து பங்களாவில் அந்தப் பெரிய அறை ஊருக்கே பொது. காலையில் தையல் வகுப்பு, மதியம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி, சாயங்காலம் கல்யாணப் பேச்சோ இரங்கல் கூட்டமோ நடக்கும். கூட்டிப் பூட்டுவது அம்மாவின் வேலை. ஒருமுறை தையல் டீச்சரையே உள்ளே வைத்துப் பூட்டியதிலிருந்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டுவாள்.

நேற்று பதில் வந்தது.

"இரும்மா, நான்தான். செருப்பைத் தேடுறேன்."

அது என் குரல். நான் வாளியோடு அம்மாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"உன்னோட ஒரே ரோதனைடி," என்று அம்மா உள்ளே பார்த்துச் சிரித்தாள். என் முகத்தோடு ஒருத்தி வெளியே வந்தாள். அம்மா பூட்டினாள். இருவரும் பேசிக்கொண்டே தெருவில் இறங்கினார்கள்.

"அம்மா!" என்று கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னாள்:

"பாவம், யார் பெத்த பொண்ணோ. அம்மாவைத் தேடுது."