முறை இல்லாத ஞாயிறு

குடையை மடக்கிவிட்டு ஜெபக்கூடத்தின் கதவைத் தள்ளினேன்.

உள்ளே பாஸ்டர் எஸ்கில் மட்டும்தான். நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார்.

நார்வேயிலிருந்து ஜப்பானுக்கு வந்து எங்கள் தெருவிலேயே முடி நரைத்தவர். சாக்கடை சுத்தம் செய்யும் நாளில் ரப்பர் பூட்ஸோடு முதல் ஆளாக இறங்குவார். குப்பை மூட்டைகளுக்கு வலை போடும் முறை அவருக்கு வந்தால், அந்த வாரம் ஒரு காக்கையும் வாலாட்ட முடியாது. ஆளை எல்லோருக்கும் பிடிக்கும். அவருடைய சாமிதான் எங்களுக்கு ஒட்டவில்லை.

மனைவி இங்ரித் இறந்தபின், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒற்றைக் குரலில் பாடுவது தெருவுக்கே கேட்டது. எங்களால் தாங்க முடியவில்லை.

தெருச் சங்கத் தலைவர் தொகுநாகா கூட்டம் போட்டார். சாக்கடைக்கு முறை வைத்திருப்பதுபோல இதற்கும் வைப்போம், வாரம் ஒரு வீட்டிலிருந்து யாராவது போய் உட்காரட்டும், பாஸ்டருக்கு மட்டும் தெரியக் கூடாது என்றார்.

சில வருடங்கள் அப்படியே ஓடின. என் டோஃபு கடையின் முறை வந்தபோதெல்லாம் நானும் போய்ப் பின்வரிசையில் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தேன்.

போன மாதம் அந்தச் செய்தி வந்தது. ஆராதனைக்கு ஆள் வந்தால்தான் அவர் இங்கே இருக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவரை அனுப்பிய சபை சொல்லிவிட்டதாம்.

தொகுநாகா உடனே முறையை நிறுத்தினார். நம் மரியாதையை விசுவாசம் என்று நம்பிக்கொண்டு ஒரு வயதானவர் இங்கே கிடக்கிறார், இனியும் ஏமாற்றுவது பாவம் என்றார். அதன்பின் யாரும் போகவில்லை. நானும்தான்.

இன்று காலை பாட்டுச் சத்தமே கேட்கவில்லை. மனசு கேட்காமல் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பாஸ்டர் என்னைப் பார்த்ததும் மடக்கிய நாற்காலியோடு அப்படியே நின்றார்.

"சதாயே அம்மா, இன்னைக்கு யாரோட முறையும் இல்லையே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதல் மாதமே புரிந்துவிட்டதாம். வீட்டுக்கு ஒருவராக, தெரு வரிசை மாறாமல் வந்தால் யாருக்குத்தான் புரியாது என்றார். நாங்கள் வந்து உட்கார்ந்ததே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததாம். ஆனால் ஆட்கள் வருகிறார்களா என்று சபை கேட்டபோதெல்லாம், இல்லை என்றே சொல்லியிருக்கிறார். முறைக்கு வருகிறவர்களைக் கணக்கில் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை.

இன்று சாயங்காலம் சபையிலிருந்து கடைசியாக ஒருமுறை ஃபோன் செய்து கேட்பார்களாம்.

அவர் கையிலிருந்த நாற்காலியை வாங்கி, விரித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்க சாமியப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது, பாஸ்டர். ஆனா கேட்டா, ஒரு ஆள் வந்தாங்கன்னு சொல்லுங்க."