பாலைவனத்துக் குலவை

முன்பெல்லாம் கோயில் என்றாலும் கல்யாணம் என்றாலும் முதல் குலவை செல்லக்கிளியுடையதாகத்தான் இருக்கும். கணவன் இறந்தபின் அவளை யாரும் குலவை போடக் கூப்பிடுவதில்லை. கூட்டத்தின் பின்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

அவள் தம்பி மாயழகுக்குப் பழைய இசைத்தட்டுகள் என்றால் பித்து. ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிவந்த ஒன்றை அன்று மதியம் ஓடவிட்டான். அட்டைப்படத்தில் நீலத்துணியால் முகத்தை மூடிய ஆண்கள் மணலில் உட்கார்ந்து கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டகம் நடப்பதுபோல அசைந்து அசைந்து வந்தது பாட்டு. கைதட்டல் சேர்ந்துகொண்டது. திடீரென்று பெண்கள் கூட்டமாகக் குலவையிட்டார்கள்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள் செல்லக்கிளி.

“யாருடா இவளுக?”

“சகாரா பாலைவனத்து ஆளுகக்கா. துவாரெக்னு ஒரு சனம்.”

“இதுல தாலி கட்டிக்கிட்டவ யாரு, அறுத்தவ யாருன்னு உனக்குத் தெரியுதா?”

மாயழகு காதைக் கொடுத்துக் கேட்டான். “தெரியலையேக்கா.”

“திரும்பப் போடு.”

அவன் முள்ளைத் தூக்கி முதலிலிருந்து வைத்தான். அவள் தெருப்பக்கத்து ஜன்னல்களை விரியத் திறந்தாள்.

“அக்கா, தெருவுக்கே கேக்கும்.”

“கேக்கட்டும்டா.”

பாட்டில் அந்தப் பெண்களின் முறை வர இன்னும் நேரமிருந்தது. செல்லக்கிளி காத்திருக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்து, நாக்கைச் சுழற்றி, தெருமுனைவரை போகும்படி குலவை போட்டாள். எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திகைத்துப் பார்த்தாள். பிறகு ஈரச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு பதில் குலவை போட்டாள்.

அதற்கப்புறம்தான் சகாராப் பெண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.