சிஸ்டர் கேட்டு வாங்கிய புகார்

மாலை நாலு மணி பத்து நிமிடம். மனநல ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் பத்தொன்பது பேர். அதில் ஒருத்தி மட்டும் புதுப் புடவை கட்டி, தலை பின்னி, பையோடு உட்கார்ந்திருந்தாள். சொர்ணம்.

ஐந்து வாரமாகச் சோறும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள். இரண்டு நாளாகச் சிரித்த முகம். இரண்டு நாள் வீட்டுக்குப் போய் வரலாம் என்று காலையில் டாக்டரே எழுதிவிட்டார்.

மர்பி டவுன் வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்திருந்த ஆதிகேசவனுக்கு, மனைவியைப் பார்த்ததும் போன உயிர் திரும்பிய மாதிரி இருந்தது.

"போலாமா?"

"போலாங்க."

பக்கத்துக் கட்டில்காரி சொர்ணத்தின் ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். வார்டு ஆயாவின் கையில் சொர்ணத்தின் பவுடர் டப்பா.

"என்னம்மா, வார்டுக்கே சீர் செஞ்சுட்டியா?"

"அவங்களுக்காவது உதவட்டுமே."

அப்போதுதான் கவனித்தான். எதிரே வந்த சிஸ்டர் நோராவின் கையில், கல்யாணத்துக்கு அவன் வாங்கிக் கொடுத்த வாட்ச்.

"சிஸ்டர், அது என் பொண்டாட்டி வாட்ச்."

"தெரியும் சார். மத்தியானம் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்."

"குடுத்தா வாங்கிக்கிறதா? அவ மனசு சரியில்லாதவ. உங்க புத்தி எங்க போச்சு?"

வார்டே திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷ சர்வீஸ்காரரான நோராவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கோவமா இருந்தா எழுதிக் குடுங்க சார்."

"என்னது?"

"புகார். ஆனா ஒண்ணு. பேஷண்ட் பொருள் மேல புகார்னா, விசாரணை முடியற வரைக்கும் அவங்க இங்கதான் இருக்கணும். இன்னிக்கு சனிக்கிழமை. திங்கக்கிழமைதான் விசாரிப்பாங்க."

"மிரட்டுறீங்களா? அப்படிச் சொன்னா எழுதமாட்டேன்னு நெனப்பா?"

"எழுதுங்கன்னுதானே சொல்றேன்."

சொர்ணத்தின் சிரிப்பு நின்றது. "விடுங்க. வாட்ச் போனாப் போவுது. வீட்டுக்குப் போலாம்."

"நீ சும்மா இரு! உன்னை மாதிரி இளிச்சவாய்ங்களாலதான் இவங்க ஆட்டம்."

நின்றபடியே ஒன்றரைப் பக்கம் எழுதினான். ஆபீஸ் கிளார்க் கிருஷ்ணப்பா, "நோரா சிஸ்டர் மேலயா சார்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்தினார். அன்று ஆட்டோவில் அவன் மட்டும் வீடு திரும்பினான்.

விளக்கம் கேட்டதற்கு நோரா எழுதிக் கொடுத்தது ஒரே வரி: வாட்ச் வாங்கியது உண்மை.

வாட்ச் திரும்பி வந்தது. தலைமை நர்ஸ் பதவிக்கான பட்டியலில் முதலில் இருந்த நோராவின் பெயரை அடித்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட ஆதிகேசவனுக்குப் பரம திருப்தி. ஏழு வாரம் கழித்து சொர்ணம் தேறி வீட்டுக்கு வந்தாள்.

இது நடந்தது 1994 அக்டோபரில். அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஐந்து வருஷம், யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தத் திருட்டு நர்ஸை மாட்டிவிட்ட கதையை அவன் சொல்லாமல் விட்டதில்லை. 1999 ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமையும் சொன்னான். கேட்டவர் சிரித்துவிட்டுப் போனதும், சொர்ணம் கதவைச் சாத்தினாள்.

"இனிமே அந்தக் கதையைச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"அன்னிக்கு வீட்டுக்கு வந்திருந்தா, விடியறதுக்குள்ள செத்திருப்பேன். முடிவு பண்ணிட்டுதான் எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தேன். வாட்சை நீட்டுனதுமே அவங்க பக்கத்துல உக்காந்து, 'சாகலாம்னு இருக்கியாம்மா'ன்னு நேராவே கேட்டுட்டாங்க."



"அவங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

"நான்தான் சொல்லாதீங்கன்னு காலைப் புடிச்சேன். 'இன்னொரு தடவை சாகப் பாத்தே, குழந்தை முகத்தையே பாக்க முடியாது'ன்னு நீங்கதானே சொல்லியிருந்தீங்க? 'சரி, டாக்டருக்கு மட்டும் போன் பண்றேன், உன் வீட்டுக்காரருக்கு வேற காரணம் காட்டிக்கிறேன்'னாங்க. அப்புறம்தான் அந்த வாட்சை எடுத்துக் கையில கட்டுனாங்க."

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு, புகாரைத் திரும்பப் பெற ஆதிகேசவன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

சிஸ்டர் நோரா ஜூலை 31ஆம் தேதியே, வார்டு நர்ஸாகவே ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.